தெற்கு ஜார்ஜியாவில் 6,000 பேர் உள்ள ஊருக்கு வேலைக்குப் போகலாமா?

கணவருக்கு ஜே-1 வெய்வரில் (ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த டாக்டர் சொந்த நாடு திரும்பாமல், டாக்டர் தட்டுப்பாடுள்ள ஊரில் வேலை பார்க்க விடும் சலுகை) அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், தெற்கே சின்ன ஊர் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, 'தெற்கு என்றாலே நிறவெறி என்கிறார்களே, நம்மை எப்படிப் பார்ப்பார்கள், கைக்குழந்தையோடு இருக்க முடியுமா' என்று கேட்டிருக்கிறீர்கள். கார் ஓட்டத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அட்லாண்டாவிலும் டாலஸிலும் இருப்பவர்கள் எல்லாரும் 'போகாதீர்கள்' என்கிறார்களாம். அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. நான் அப்படி ஒரு ஊரில்தான் 2016 ஜூலையிலிருந்து குடியிருக்கிறேன்.

எப்படிப் பார்ப்பார்கள்? மூன்று வருடத்தில் போய்விடப் போகிறவர்களாகப் பார்ப்பார்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெய்வருக்கு மூன்று வருடக் கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். அது ஊருக்கும் தெரியும். 1994-இல் வந்த திட்டம் இது. இப்போது ஒரு மாநிலத்துக்கு வருடம் 30 டாக்டர்கள் வரை. அப்படி எத்தனையோ பேர் வந்து, மூன்றாம் வருடம் முடிந்த கையோடு லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனதை இந்த ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் குடிவந்த வீட்டிலேயே எங்களுக்கு முன் இரண்டு டாக்டர் குடும்பங்கள். பக்கத்து வீட்டு அம்மா முதல் நாள் பீச் பழப் பை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எத்தனை நாள் இருப்பீர்கள்?" என்று கேட்டார். 'எப்போது கிளம்புவாய்' என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு அன்று இரவு அழுதேன்.

அடுத்த கேள்வி, "சர்ச் பார்த்துவிட்டீர்களா?" கடையில், போஸ்ட் ஆபீஸில், பல் டாக்டரிடம், எங்கே போனாலும் இதைக் கேட்பார்கள். பலருக்கு அது 'உங்களுக்கு இங்கே மனுஷர்கள் இருக்கிறார்களா' என்று விசாரிக்கும் வழி. எல்லாருக்கும் அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் சாமியைப் பிசாசு என்று சொல்லும் துண்டுத்தாளை இரண்டு முறை வாசலில் செருகிவிட்டுப் போனார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. அந்த வாரம் முழுக்க எதிரில் வந்த ஒவ்வொரு முகத்தையும் இவரா, இவரா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். கோயில் என்றால் அட்லாண்டாவுக்குத் தெற்கே ரிவர்டேல் பெருமாள் கோயில்தான். போக வர ஒரு நாள் போய்விடும்.

இனி 2018 அக்டோபர் 10. புதன்கிழமை. மைக்கேல் புயல் ஃப்ளோரிடாவில் கரையேறியது. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் நமக்கென்ன என்று இருந்தேன். ஆனால் அது கொஞ்சம் வலுவிழந்தும் பெரும்புயலாகவே எங்கள் பக்கம் ஏறி வந்தது. கணவர் ஆஸ்பத்திரியில். வீட்டில் நானும் மூன்று வயது மகளும் மட்டும். சாயங்காலம் கரண்ட் போனது. இங்கே ஊர் எல்லையில் இருக்கும் வீடுகளுக்குச் சொந்தக் கிணறு, மோட்டார். கரண்ட் போனால் தண்ணீரும் போகும். அதுவரை அதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. மகளைக் குளியல் தொட்டிக்குள் உட்காரவைத்து மேலே மெத்தையைப் போட்டுக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொன்னேன். நடுவில் தரையே அதிர்ந்தது. பின்னால் நின்ற பீக்கன் மரம் (வால்நட் போன்ற கொட்டை காய்ப்பது) கார் போகும் வழியை அடைத்துக்கொண்டு விழுந்த அதிர்வு அது.

விடிந்ததும் ரம்பம் ஓடும் சத்தம். பக்கத்து வீட்டுப் பெரியவரும் அவர் மகனும் எங்கள் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. "டாக்டர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் போய் வர வேண்டும், இந்த வழிதான் முதலில்" என்றார். மத்தியானம் போல்தான் அவர் மனைவி சொன்னார், அவருடைய சொந்தத் தோப்பில் பாதிக்கு மேல் வேரோடு சாய்ந்துவிட்டது என்று. அவருடைய அப்பா வைத்த மரங்கள். அதை இன்னும் போய்ப் பார்க்காமல் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்.

தரையெல்லாம் பச்சைக் காய். அவர் ஒன்றை எடுத்து, கட்டை விரலால் தோலை அழுத்திப் பிளந்து, ஓட்டை உடைத்துக் காட்டினார். உள்ளே பருப்பு முழுதாகப் பிடிக்கவில்லை, வெளிறிக் கிடந்தது. "இன்னும் கொஞ்ச நாள்" என்று மட்டும் சொல்லிக் கீழே போட்டார். கோவில்பட்டிப் பக்கம் கடலைக்காட்டில் பறிக்கிற நேரத்து மழைக்கு என் தாத்தா நின்ற நிற்பு எனக்கு ஞாபகம் வந்தது. பீக்கன் கன்று வைத்தால் ஒழுங்காகக் காய்க்கவே ஏழெட்டு வருடம் ஆகும்.

கரண்ட் வர ஒன்பது நாள் ஆயிற்று. மீன் பொரிக்கிற கேஸ் அடுப்பை அந்த அம்மா கொடுத்தார். அதில் சோறும் ரசமும் வைத்தேன். குவளையில் ஊற்றிக் கொடுத்த ரசத்தைக் குடித்துவிட்டு, காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு குவளை கேட்டார். அந்த இரவில்தான் சொன்னார், முன்பு இருந்த டாக்டர் வீட்டுப் பிள்ளை இவரைப் பாட்டி என்றே கூப்பிடுமாம், போன பிறகு ஒரு கார்டு வந்ததோடு சரியாம். முதல் நாள் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

'ஒரு நல்ல பக்கத்து வீட்டை வைத்துத் தெற்குக்கே சர்டிஃபிகேட் கொடுக்கிறாயா' என்று கேட்பீர்கள். இல்லை. டாக்டர் வீடு என்பதால் எனக்குக் கிடைத்த மரியாதை, கோழி ஆலையில் வேலை பார்க்கும் மெக்ஸிகோக்காரருக்குக் கிடைப்பதில்லை. அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரயில் தண்டவாளத்துக்கு இந்தப்பக்கம் வெள்ளையர், அந்தப்பக்கம் கறுப்பர் என்பது இன்றும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சும் தனித்தனி, சவ அடக்கம் செய்யும் இடமும் தனித்தனி. 1970 வாக்கில் பள்ளிகளில் எல்லாரையும் சேர்க்க வேண்டும் என்று வந்தபோது தெற்கு முழுக்க வெள்ளைப் பிள்ளைகளுக்கென்றே தனியார் 'அகாடமி'கள் முளைத்தன. எங்கள் ஊரிலும் ஒன்று உண்டு. வீட்டுத் தரகர் முதல் வாரமே அதன் பெயரைத்தான் சொன்னார். நாங்கள் மகளைக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அரசுப் பள்ளியில், லாட்டரிப் பணத்தில் மாநிலம் இலவசமாக நடத்தும் ப்ரீ-கே (எல்கேஜி மாதிரி) வகுப்பில் சேர்த்தோம். சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த முடிவில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். அமெரிக்க வேர்க்கடலையில் பாதி இந்த மாநிலத்தில் விளைகிறது. ஆகஸ்டில் ரோட்டோரம் உப்புப் போட்டு அவித்துச் சுடச்சுட விற்பார்கள். வெண்டைக்காயும் தட்டப்பயறும் இவர்கள் வீட்டுச் சாப்பாடுதான். பிரசவம்தான் கவலை. 159 கவுண்டிகளில் ஏறக்குறைய பாதியில் மகப்பேறு டாக்டர் கிடையாது. இரண்டாவது குழந்தைக்கு 50 மைல் போய் வந்தேன்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் என் வயிற்றெரிச்சல் அதுதான். ஜே-1காரரின் மனைவிக்கான ஜே-2 விசாவில் டெட்ராய்ட்டில் எனக்கு வேலை இருந்தது. இங்கே வந்து, ஹெச்-1பி வேலை விசாக்காரரின் மனைவிக்கான ஹெச்-4 ஆனதும் போயிற்று. கிரீன் கார்டுக்காக வேலை கொடுப்பவர் போடும் ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் வந்தால்தான் ஹெச்-4க்கு வேலை அனுமதி. அதை முதல் வருடமே போடுகிறோம் என்று வாயால் சொன்ன நிர்வாகம் மூன்றாம் வருடம்தான் போட்டது. மூன்று வருடம் என் சர்டிஃபிகேட்களை ஃபைலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் 'டாக்டர் பெண்டாட்டிக்கு எதற்கு வேலை' என்று நம் ஆட்களே கேட்டார்கள், அமெரிக்கர்கள் ஒருவரும் கேட்கவில்லை. எந்த மாதம் போடுவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் உங்கள் கணவரைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

2019-இல் எங்கள் மூன்று வருடம் முடிந்தது. பெரியவர் அந்தக் குளிர்காலம்தான் புதுக் கன்றுகள் வைத்திருந்தார். குழிக்குள் கன்றை நேராகப் பிடித்துக்கொண்டது என் மகள். நாங்கள் போகவில்லை.

கார் ஓட்டாமல் மட்டும் வராதீர்கள். பஸ் இல்லை, ஊபர் இல்லை, பாலுக்கும் நாலு மைல். இரண்டு வழிச் சாலையில் எதிரே பிக்கப்பில் வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். யாரென்று தெரியாவிட்டாலும் நீங்களும் தூக்குங்கள். நவம்பரில் இருட்டத் தொடங்கும் நேரம் மான் குறுக்கே பாயும். ஒன்று போனால் அடுத்தது பின்னாலேயே வரும், உடனே வேகம் எடுக்காதீர்கள்.