லண்டனா மியூனிக்கா: ஆஸ்பத்திரிக் கணக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. லண்டனில் ஒரு வேலை, மியூனிக்கில் ஒரு வேலை, இரண்டும் கைக்கு வந்துவிட்டன. மனைவி இப்போதைக்கு வேலைக்குப் போகப்போவதில்லை. பிள்ளைகள் இரண்டு பேர், உங்களுக்கு இந்த வயதிலேயே சர்க்கரை. "லண்டனில் வைத்தியம் இலவசம், ஜெர்மனியில் சம்பளத்தில் பெரிய துண்டு விழுமாமே, எங்கே போகலாம் அக்கா?"

நான் ஆறு வருடம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு 2014 கடைசியில் ஜெர்மனிக்கு வந்தவள். முதலில் அந்த "இலவசம்" என்ற வார்த்தையைப் பார்த்துவிடுவோம். என்னைப் போல அந்தக் காலத்தில் போனவர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அப்போது விசாவோடு சேர்த்துக் கட்டும் ஹெல்த் சர்சார்ஜ் கிடையாது. 2015இல் வருடத்துக்கு 200 பவுண்டு என்று தொடங்கியது, 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குள் இருந்தால் 776. தலைக்கு, வருடத்துக்கு. அதையும் விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்டவேண்டும். ஐந்து வருட விசா என்றால் உங்கள் நாலு பேருக்கும் 18,110 பவுண்டு. அதற்குப் பிறகு சம்பளத்தில் வரியும் எல்லாரையும் போலப் போகும். சில கம்பெனிகள் இந்தத் தொகையைத் தாங்களே கட்டும். கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டிவிட்டால் அப்புறம் பில் என்ற பேச்சே இல்லை, அது உண்மைதான். என் மகனுக்கு மூன்று வயதில் ஒரு ராத்திரி மூச்சு இழுத்து, 999க்குப் போன் பண்ணி, ஆம்புலன்ஸில் போய் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டுக்குப் போகலாம் என்றதும் என் கணவர் பழக்கதோஷத்தில் பணம் கட்டும் கவுண்டரைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் நாங்கள் கட்டியது கார் பார்க்கிங்குக்கு மட்டும்தான். உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு: இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு வாங்குவார்கள், ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் விலக்குச் சான்றிதழ் வாங்கினால் எல்லா மருந்தும் சும்மா.

உயிருக்கு ஆபத்து இல்லாத வலி என்றால்தான் பொறுமை வேண்டும். அதே கணவருக்கு முழங்கால் வலி. காலை எட்டு மணிக்கு ஜிபி எனும் குடும்ப டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டு வரிசையில் தொங்கவேண்டும். முதலில் பாராசிட்டமால், அப்புறம் ஆறு வாரம் பிசியோதெரபி, அதற்குப் பிறகுதான் எலும்பு டாக்டருக்குக் கடிதம். அவரைப் பார்க்க ஒன்பது மாதம் ஆனது. நம் ஊரில் காலையில் டாக்டர், மத்தியானம் ஸ்கேன், சாயங்காலம் ரிசல்ட் என்று பழகியவர்களுக்கு இது பெரிய கொடுமை.

ஜெர்மனியில் கணக்கே வேறு. 1883இல் அப்போதைய ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் தொழிலாளர்களுக்காகக் கொண்டுவந்த காப்பீட்டின் வழியில்தான் இன்னும் போகிறது. 2025 கணக்கில் சம்பளத்தில் 14.6 சதவீதம், அதன்மேல் கூடுதலாகச் சராசரி 2.5. இதில் பாதியைக் கம்பெனி கட்டும். அப்போது வருடம் 66,150 யூரோவுக்கு மேல் வந்த சம்பளத்துக்குப் பிடித்தம் இல்லை. ஆக, சம்பளம் அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும், அந்தக் கணக்கில் உங்கள் பங்கு மாதம் 470 யூரோவைச் சுற்றி நிற்கும். நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்குப் பிடித்தம் தனி. கேட்டால் நெஞ்சு அடைக்கும்தான். ஆனால் அந்த ஒரே பிடித்தத்தில், வேலைக்குப் போகாத மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஒரு யூரோ கூடுதலாகக் கட்டாமல் உள்ளே வந்துவிடுகிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு இதைவிட முக்கியமான வித்தியாசம் வேறு இல்லை என்பேன்.

எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் இங்கே மூன்று வாரத்தில் நடந்தது. நாலு நாள் படுக்கை, நாளுக்குப் பத்து யூரோ, நாற்பது யூரோவுக்குத் தபாலில் பில் வந்தது. மருந்துக்கும் ஐந்து முதல் பத்து யூரோ கொடுக்கவேண்டும். உங்களைப் போல நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு இதெல்லாம் சேர்ந்து வருட வருமானத்தில் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் மிச்சத்துக்கு விலக்குக் கேட்கலாம். இன்னொன்று, நீங்கள் படுத்துவிட்டால் ஆறு வாரம் முழுச் சம்பளத்தைக் கம்பெனி கொடுக்கும், அதன்பின் காப்பீட்டிலிருந்து சம்பளத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் வரும். இங்கிலாந்தில் சட்டப்படி கிடைத்தது 2025-26 கணக்கில் வாரம் 118.75 பவுண்டு, அதற்கு மேல் கொடுப்பது கம்பெனியின் தாராளம். ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

காத்திருப்பு இங்கேயும் உண்டு. தோல் டாக்டருக்குப் போன் பண்ணினால் முதல் கேள்வியே "அரசுக் காப்பீடா, பிரைவேட்டா?" என்பதுதான். பிரைவேட் என்றால் அடுத்த வாரம், நம்மைப் போன்றவர்களுக்கு மூன்று மாதம். எனக்கு இதில் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

அதற்காக நீங்கள் பிரைவேட் பக்கம் போய்விடாதீர்கள். 2025இல் வருடம் 73,800 யூரோவுக்கு மேல் சம்பளம் வந்தால் அரசுக் காப்பீட்டை விட்டு வெளியே போகலாம் என்று இருந்தது. வந்து இறங்கியதுமே ஏஜென்ட் ஒருவர் "மாதம் இருநூறு மிச்சம்" என்று ஆரம்பிப்பார். அங்கே மனைவிக்குத் தனி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி. சர்க்கரை இருப்பதைச் சொன்னால் தொகை ஏறும், இல்லையென்றால் எடுக்கவே மாட்டார்கள். வயது ஏற ஏற கட்டணமும் ஏறும். 55க்குப் பிறகு திரும்பி வருவது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவைக் கூட்டி வரும் யோசனை இருந்தால் இரண்டு ஊரும் ஒன்றுதான். ஜெர்மன் குடும்பக் காப்பீட்டில் பெற்றோருக்கு இடம் கிடையாது. இங்கிலாந்தில் விசிட்டராக வந்தவரை வார்டில் சேர்த்தால் வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு பில் வரும். பயணக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏற்றாதீர்கள்.

அமெரிக்காதான் பெஸ்ட் என்று நண்பர் சொல்கிறாராமே. அங்கே காப்பீடு வேலையோடு கட்டியது. அது இருந்தும், டிடக்டிபிள் என்று முதலில் நாமே கட்டவேண்டிய தொகை தீரும்வரை பெரும்பாலும் கைக்காசுதான் போகும். எச்1பி விசாவில் வேலை போனால் என்ன செய்வது என்று அவரையே கேட்டுப்பாருங்கள்.

சம்பளம் சுமாராக ஒன்று என்றால் நான் மியூனிக் என்பேன். லண்டன் கம்பெனி சர்சார்ஜையும் கட்டி, நோய் விடுப்புக்கு முழுச் சம்பளமும் தருகிறது என்றால் லண்டனும் மோசமில்லை. மொழித் தொல்லையும் அங்கே இல்லை.

எங்கே போனாலும் மூன்று மாதத்துக்கான மாத்திரையும், உங்கள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் வாங்கி வாருங்கள். அதில் மருந்தின் கம்பெனிப் பெயரை எழுதாமல் மெட்ஃபார்மின், இத்தனை மில்லிகிராம் என்று எழுதச் சொல்லுங்கள். நம் ஊர் அட்டையில் இருக்கும் பெயர் இங்கே மருந்துக்கடையில் யாருக்கும் தெரியாது.