ஹெட்செட் வாங்க முதல் கேளுங்கோ: வீஆர், ஏஆர் கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில இருந்து 8 வருஷமா வீஆர் ட்ரெய்னிங் செய்து குடுக்கிற வேலைதான் செய்யிறன், கூடுதலா ஃபக்டரி, வெயார்ஹவுஸ் ஆக்களுக்கு. கேள்வி இருந்தா அனுப்புங்கோ எண்டு சொன்னதும் கனக்க வந்திட்டுது, ஒரே மாதிரி வந்ததுகளைச் சேர்த்து ஒண்டாக்கித்தான் பதில் எழுதுறன்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, ஏ/எல் முடிச்ச தம்பி): அக்கா, வீஆர் ஏஆர் எம்ஆர்னு சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல. இது எல்லாம் கேம் வெளாடத்தானே?

இல்லை தம்பி. வீஆர் எண்டால் ஹெட்செட் எண்ட கருவியைத் தலையில மாட்டி, கண்ணை முழுசா மறைச்சு வேற ஒரு இடத்துக்குள்ள உங்களைக் கொண்டுபோய் விடுறது. ஏஆர் எண்டால் நீங்க நிக்கிற இடம் அப்பிடியே தெரியும், அதுக்கு மேல ஒரு சாமான் கூட நிக்கும், 2016இல போக்கிமோன் கோ வந்தப்ப எல்லாரும் ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சது ஞாபகம் இருக்கும்தானே, அதுதான். எம்ஆரில அந்தச் சாமானுக்கு உங்கட மேசை எது சுவர் எது எண்டும் தெரியும், கதிரைக்குப் பின்னால போனா மறையும். இது புதுசும் இல்லை, ஐவன் சதர்லாண்ட் எண்ட அமெரிக்க கொம்பியூட்டர் விஞ்ஞானி 1968இலயே தலையில போடுற டிஸ்ப்ளே ஒண்டு செய்திட்டார், பாரம் தாங்க ஏலாம மேல சீலிங்கில கட்டித் தொங்கவிட்டவை. ஏஆரின்ர முழுப்பேர் ‘ஓக்மென்டட் ரியாலிட்டி’, அந்தப் பேர் எங்கயிருந்து வந்தது தெரியுமே? போயிங் கொம்பனியில இருந்து, 90களின்ர தொடக்கத்தில. ப்ளேனுக்குள்ள போற வயர்க் கட்டுகளைச் செய்யிற ஆக்களுக்கு எந்த வயர் எங்க போகுது எண்டு கண்ணுக்கு முன்னாலயே காட்டத்தான் டொம் கோடல் எண்டவரும் டேவிட் மைசெல் எண்டவரும் அதை யோசிச்சவை. ஏஆர் எண்ட பேர் பிறந்தது ஃபக்டரி வேலைக்குத்தான், கேம் எல்லாம் பிறகு வந்தது.

கேள்வி (வத்தளை, வெயார்ஹவுஸ் சூப்பர்வைசர்): எங்கட இடத்தில ஃபோர்க்லிஃப்ட் ட்ரெய்னிங்குக்கு வீஆர் எடுப்பம் எண்டு மேல சொல்லுகினம். வீடியோ போட்டுக் காட்டினா போதாதா மிஸ்? காசு வீணாகுமோ எண்டு யோசினை.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டாத்தான் சொல்லவேணும். ஒரு வேலையை நேரில பழக்கினா ஆருக்கும் அடிபடுமா, சாமான் உடையுமா, இல்லாட்டி நெருப்புப் பிடிக்கிற மாதிரி எப்பவோ ஒருக்கா மட்டும் நடக்கிற விசயமா, அப்பிடி எண்டால் வீஆருக்குக் காசு போடுங்கோ. மற்றதுகளுக்கு வீடியோவும் ஒரு நல்ல பழைய ஆளும் போதும்.

ஃபோர்க்லிஃப்ட் முதலாவது வகை. நான் செய்த ஒரு ப்ரொஜெக்டில 20 வருஷம் ஓடின ஒரு ஐயா வந்து ப்ளாஸ்டிக் கதிரையில இருந்து ஹெட்செட்டைப் போட்டார், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதும் ஆள் தானாவே தோளுக்கு மேலால திரும்பிப் பார்த்தார், வலது கை அங்க இல்லாத கைபிடிக் கம்பி ஒண்டைப் பிடிக்கப் போச்சுது. பக்கத்தில இருந்த புதுப் பெடியன் 6 தரம் ரிவர்ஸ் எடுத்து ஒரு தரமும் திரும்பேல்ல. ஹெட்செட்டுக்குத் தலை எந்தப் பக்கம் திரும்பினது எண்டு ஒவ்வொரு செக்கனும் தெரியும், அதை ரெக்கோர்ட் பண்ணி வைக்கலாம், அந்தப் பெடியனுக்கு என்ன பழக்கவேணும் எண்டு அண்டைக்கே எங்களுக்குத் தெரிஞ்சிட்டுது. வீடியோ பார்த்துக் கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கிற பழக்கம் உள்ளவரா எண்டு உங்களால எப்பிடிச் சொல்ல ஏலும்? ஆனா ஃபோர்க்கில பாரம் ஏறினதும் வண்டி முன்னுக்குச் சாயுற அந்த உணர்வு வீஆரில வராது, அதால கடைசியில உண்மை வண்டியில பழக்கித்தான் ஆகவேணும். அமெரிக்காவின்ர பெரிய கடைக் கொம்பனி வால்மார்ட் 2018இல 17,000 ஹெட்செட் இறக்கினது ட்ரெய்னிங்குக்குத்தான், ஆனா அவையளுக்கு அதைப் பார்க்க எண்டே ஆக்கள் இருக்கினம். இங்க ஒரு இடத்தில முதல் 10 ஹெட்செட்டை வாங்கிப்போட்டுப் பிறகுதான் என்ன பாடம் எண்டு யோசிச்சவை, எல்லாம் சார்ஜ் இறங்கி அலுமாரிக்குள்ள கிடந்தது, எனக்குப் பார்க்கவே கவலையாப் போச்சுது. ஒண்டை வாங்கி ஒரு பாடத்தைச் செய்து பாருங்கோ.

கேள்வி (மருதானை, ஃபர்னிச்சர் கடை வச்சிருக்கிற நானா): தங்கச்சி, கஸ்டமர் அவங்கட வீட்டு ஹோல்ல அலுமாரியை வச்சுப் பார்க்கிற மாதிரி செய்ய ஏலுமா? ஹெட்செட் வாங்கணுமா?

ஹெட்செட்டே வேண்டாம் நானா, ஃபோன் காணும். ஃபர்னிச்சர் விக்கிற ஐக்கியா கொம்பனி 2017இலயே ஃபோனில இதைச் செய்தவங்க. நீங்க ஆப் கூடச் செய்யத் தேவையில்லை, 3டி மொடலை அன்ட்ரொயிட்டுக்கு ஜிஎல்பி ஃபைலாவும் ஐஃபோனுக்கு யூஎஸ்டிஇசட் ஃபைலாவும் வச்சு வெப்சைட்டில ஒரு லிங்க் போட்டாக் காணும். அளவு மட்டும் அச்சொட்டா இருக்கவேணும், 2 அங்குலம் பிழைச்சாலும் கஸ்டமர் உங்களைத்தான் பேசுவார். இன்னொண்டு, ஃபோட்டோ எடுத்து மொடல் செய்யப்போறீங்க எண்டால் மொறட்டுவையில இருந்து சாமான் வந்த உடன பொலிஷ் போட முதல் எடுங்கோ, பளபளக்கிற தேக்கில வெளிச்சம் இடத்துக்கு இடம் மாறித் தெரியும், சொஃப்ட்வெயர் குழம்பி அலுமாரியில குழி விழுந்த மாதிரிக் காட்டும்.

கேள்வி: ஹெட்செட் போட்டு 5 நிமிஷத்தில தலை சுத்தி சத்தி வாற மாதிரி இருக்கு. எனக்கு மட்டுமா?

கனபேருக்கு இருக்கு. கண் ‘நான் ஓடுறன்’ எண்டு சொல்லுது, உள்காது ‘நீ இருந்த இடத்திலதான் இருக்கிறாய்’ எண்டு சொல்லுது, அந்தச் சண்டைதான். தலையைத் திருப்பின பிறகு படம் திரும்ப 20 மில்லிசெக்கனுக்கு மேல எடுத்தாலும் இப்பிடித்தான். தலை சுத்தத் தொடங்கின உடன கழட்டுங்கோ, பல்லைக் கடிச்சுக்கொண்டு பழகுவம் எண்டு நினைச்சா அண்டைக்கு முழுக்க அவதி. நடக்கிறதுக்குப் பதிலா இடம் விட்டு இடம் பாயிற செட்டிங் இருந்தா அதைப் போடுங்கோ, லென்ஸ் இடைவெளியை உங்கட கண்ணுக்கு அளவா வையுங்கோ, ஒரு ஃபானை முகத்துக்கு நேர வையுங்கோ, கொழும்பு வெக்கைக்கு அது ரெண்டு விதத்தில உதவும்.

கேள்வி (தெஹிவளை, ஒரு அம்மா): மகனுக்கு 7 வயசு, லண்டனில இருந்து மாமா ஹெட்செட் ஒண்டு அனுப்பியிருக்கிறார். குடுக்கலாமா?

குடுக்காதேங்கோ அக்கா. குவெஸ்ட் ஹெட்செட் செய்யிற மெட்டா கொம்பனியே 10 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்கு இல்லை எண்டுதான் சொல்லுது. பெட்டியோட வையுங்கோ.

கேள்வி: வருத்தக்காரருக்கு இதால உண்மையா பிரயோசனம் இருக்கா?

இருக்கு. வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில நெருப்புக் காயக்காரருக்கு மருந்து கட்டுற நேரம் பனி உலகம் ஒண்டைக் காட்டி நோவைக் குறைச்சுப் பார்த்தவை, கவனம் அங்கால போகேக்க நோ குறைவாத் தெரியும். நாட்பட்ட நாரி நோவுக்கு வீஆர் சிகிச்சை ஒண்டுக்கு மருந்து, சிகிச்சைகளைப் பார்த்து அனுமதிக்கிற அமெரிக்காவின்ர எஃப்டிஏ 2021இல அனுமதி குடுத்தது. ஆனா டொக்டரிட்டக் கேக்காம வீட்டில செய்யாதேங்கோ.

கேள்வி: செக்கன்ட் ஹேண்ட் ஹோலோலென்ஸ் 2 வருது, வாங்கலாமா?

வேண்டாம். மைக்ரோசொஃப்ட் 2024இல அந்த ஹெட்செட்டைச் செய்யிறதையே நிப்பாட்டிட்டுது.

கேள்வி (வெள்ளவத்தை, கெம்பஸ் தங்கச்சி): நான் இந்த வேலை பழகவேணும் அக்கா. எது வாங்க, எங்க தொடங்க?

ஒண்டும் வாங்காமத் தொடங்கு. ஃபோனில ஏஆர் செய்ய ஏஆர்கோர், கொம்பியூட்டரில கேம், பாடம் செய்யிற யூனிட்டியும் 3டி மொடல் செய்யிற ப்ளெண்டரும், மூண்டும் சும்மா கிடைக்கும். பிறகு வாங்கிறதெண்டால் மெட்டாவின்ர குவெஸ்ட் 3எஸ், 2024இல வரேக்க 299 டொலர், இங்க வர டக்ஸோட கூடும். ஆப்பிளின்ர விஷன் ப்ரோ அதே வருஷம் வரேக்க 3,499 டொலர், அது பழகுறதுக்கு இல்லை. ஒண்டு இப்பவே சொல்லிவைக்கிறன், யூனிட்டியில எழுத்துக் காட்டுற டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில தமிழ் நேராப் போட்டா உடையும். ‘மெதுவா’ எண்டு எழுதினா கொம்பு ‘ம’வுக்கு முன்னால வராம பின்னால போய் நிக்கும். நாங்க முதல் ப்ரொஜெக்டில அதைக் கவனிக்கேல்ல, தமிழ் ஆக்களுக்குப் போன பாடத்தில எச்சரிக்கை பலகையே வாசிக்க ஏலாமப் போச்சுது. இப்ப எழுத்தைப் படமாச் செய்து போடுறம், கூடவே குரலும் குடுக்கிறம். இதைச் சரியாச் செய்யத் தெரிஞ்ச பிள்ளையள் எங்களுக்குத் தேவை, முடிச்ச பிறகு செய்ததைக் கொண்டுவந்து காட்டு.

கேள்வி: ஹெட்செட் ஸ்க்ரீன்ல நடுவுல மஞ்சளா ஒரு பொட்டு, கழுவினாலும் போகல?

பல்கனியில வச்சனீங்களோ? வெயில் லென்ஸுக்குள்ளால போய் பூதக்கண்ணாடி மாதிரி ஸ்க்ரீனைச் சுட்டிட்டுது, அது போகாது. இனிக் கழட்டின உடன லென்ஸ் கீழ பார்க்கக் கவிழ்த்து, ஒரு துணியால மூடி வையுங்கோ.