மண்ணு ரிப்போர்ட்டு, தண்ணி ரிப்போர்ட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (குடியாத்தம் பக்கம், ஒரு விவசாயி): கயனியில வெள்ளையா பூத்துக் கெடக்குது சார், நாத்து நட்டா திட்டுத் திட்டா கருகிப் போவுது. மண்ணு டெஸ்ட் குடுத்ததுல பிஎச் 9.2, இசி 1.1, ஈஎஸ்பி 24னு வந்திருக்கு. போர் தண்ணிக்கு ஆர்எஸ்சி 4னு போட்டிருக்காங்க. பக்கத்து கயனிக்காரரு உப்பு மண்ணு தான, நல்லா தண்ணி கட்டி வடிச்சி வுடு சரியாப் பூடும்ங்கிறாரு. உரக்கடையில ஜிப்சம் போடச் சொல்றாங்க. யார் பேச்ச கேக்கறது?

பதில்: உங்க மண்ணுக்கு ஜிப்சம் தாங்க சரி, ஆனா ஏன்னு தெரிஞ்சிக்காம மூட்டைய எறக்காதீங்க. நம்ம பக்கம் எல்லாத்தையும் உப்பு மண்ணுன்னே சொல்லிப் பழகிட்டோம், ஆனா உவர் வேற களர் வேற, ரெண்டுக்கும் வைத்தியமும் வேற. பிஎச்சுங்கிறது மண்ணு அமிலமா காரமான்னு காட்டுற நம்பரு. இசிங்கிறது மண்ணுல கரையிற உப்பு மொத்தமா எவ்ளோன்னு காட்டுற நம்பரு, அது 4க்கு மேல போயி பிஎச் 8.5க்குள்ள நின்னா உவர். ஈஎஸ்பிங்கிறது மண்ணுத் துகள்ல ஒட்டிக்கிட்டிருக்கிற சுண்ணாம்பு (கால்சியம்), மக்னீசியம், சோடியம் இதுங்கள்ல சோடியம் மட்டும் எத்தன சதவீதம்ங்கிற கணக்கு, அது 15ஐ தாண்டி பிஎச்சும் 8.5ஐ தாண்டுனா களர். உங்களுக்கு 24, 9.2, இசி வெறும் 1.1, அதனால இது களர் தான், சந்தேகமே வேணாம்.

வெள்ளை பூக்குறத மட்டும் வச்சி முடிவு பண்ணவே கூடாது. வீட்லயே ஒண்ணு பண்ணிப் பாக்கலாம், ஒரு கைப்பிடி மண்ண கண்ணாடி டம்ளர்ல போட்டு மழத்தண்ணி ஊத்தி கலக்கி அப்படியே வச்சிடுங்க, உவர் மண்ணா இருந்தா கொஞ்ச நேரத்துல அடியில தங்கி மேல தண்ணி தெளிஞ்சிடும், களரா இருந்தா பல மணி நேரம் ஆனாலும் கலங்கலாவே நிக்கும். சோடியம் மண்ணுத் துகள ஒண்ணோட ஒண்ணு சேரவிடாம பிரிச்சி வுட்டுடுது, அந்தத் தூளு போயி மண்ணுல இருக்கிற சந்து பொந்தையெல்லாம் அடச்சிக்கும், அப்புறம் தண்ணி கீழ எறங்காது. இதுல தண்ணி கட்டி வடிக்கிறதுன்னா எப்படிங்க வடியும்? அது உவருக்குண்டான வழி. ஆர்எஸ்சிங்கிறது தண்ணியில சுண்ணாம்பு, மக்னீசியத்துக்கு மேல கார்பனேட்டு எவ்ளோ மிச்சமா இருக்குன்னு காட்டுற நம்பரு. உங்க போர் தண்ணிக்கு அது 4, 1.25க்குள்ள இருந்தா தான் பயமில்ல, 2.5 தாண்டுனா பாசனத்துக்கே ஆவாது. அதுல இருக்கிற கார்பனேட்டு மண்ணுல உள்ள சுண்ணாம்ப புடிச்சி படிய வச்சிடும், சோடியம் மட்டும் மிச்சமா நிக்கும், கட்டக் கட்ட களர் கூடத்தான் செய்யும்.

ஜிப்சம்ல இருக்கிற கால்சியம் சோடியத்த தள்ளிட்டு அந்த எடத்துல உக்காந்துக்கும், வெளிய வந்த சோடியம் சல்பேட்டா கரைஞ்சி தண்ணியோட போவும், அதனால வடிகால் வெட்டாம ஜிப்சம் போட்டா பாதி வேல தான் நடக்கும். மழைக்கு முன்னாடி பாத்தி கட்டி வரப்ப ஒசத்தி, ஜிப்சத்த பரவலா வீசி மேலாக ஓட்டி, மழத்தண்ணிய சில நாள் நிக்க வச்சி வடிச்சி வுடுங்க. எவ்ளோ போடணும்ங்கிறத உரக்கடை சொல்லக் கூடாது, லேப்ல ஜிப்சம் தேவைன்னு தனியா கணக்கு போட்டுத் தருவாங்க, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துல கேளுங்க. அப்புறம் தக்கைப்பூண்டு விதைச்சி பூ எடுக்கிறப்ப மடக்கி உழுங்க. நெல்லு தான் வைக்கணும்னா திருச்சி 1, திருச்சி 3 களர் தாங்குற ரகங்க.

கேள்வி (காவேரிப்பாக்கம் பக்கம், மகளிர் குழு): பண்ணைக்குட்டையில கட்லா, ரோகு, மிர்கால் வுட்டிருக்கோம். விடிகாலையில மேல வந்து வாயப் பொளக்குது, வெயில் ஏறுனா சரியாப் பூடுது. டிஓ கம்மின்னாங்க, ஆனா தண்ணி நல்லா பச்சையா தான இருக்கு?

பதில்: அந்தப் பச்சை தாம்மா காரணம். டிஓன்னா தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன், லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தா கெண்டைக்கு நல்லது, 3க்கு கீழ எறங்குனா தவிக்கும். பகல்ல பாசி வெயில்ல ஆக்சிஜன் வுடுது, ராத்திரி அதே பாசி மீனோட போட்டி போட்டு இழுத்துக்குது, விடியறதுக்கு முன்னாடி தான் ரொம்ப கம்மியா இருக்கும். அதனால மத்தியானம் அளந்துட்டு நல்லாருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, விடிகாலை அளவு தான் முக்கியம். முழங்கை வரைக்கும் கைய தண்ணியில வுட்டுப் பாருங்க, முழங்கை முங்கறதுக்கு முன்னாடியே உள்ளங்கை மறைஞ்சிட்டா பாசி அதிகம். தீவனத்தையும் சாணத்தையும் கொஞ்ச நாள் நிறுத்துங்க, விடியகாலம் மோட்டார போட்டு தண்ணிய ஒசரத்துல இருந்து சிதறி வுழுற மாதிரி வுடுங்க. மூட்டமா இருக்கிற நாள்ல இன்னும் ஜாக்கிரதையா இருங்க.

கேள்வி (ஆம்பூர், கல்லூரி மாணவி): பாலாறு பத்தி படிக்கிறப்ப பிஓடி, சிஓடி, டிடிஎஸ்னு வருது. இதுல எது ரொம்ப மோசம்?

பதில்: கிருமிங்க தண்ணியில இருக்கிற அழுக்க தின்னு முடிக்க எவ்ளோ ஆக்சிஜன் வேணும்ங்கிறது பிஓடி, நம்ம நாட்டுல 27 டிகிரியில 3 நாள் வச்சி அளக்கறாங்க. கிருமியால திங்க முடியாததையும் சேத்து ரசாயனத்துல எரிச்சி அளந்தா சிஓடி. தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு மாதிரி சமாச்சாரம் மொத்தமா எவ்ளோங்கிறது டிடிஎஸ். ஆத்துல வுடுற கழிவுக்கு பிஓடி 30, சிஓடி 250, டிடிஎஸ் 2100ன்னு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல வரம்பு வச்சிருக்காங்க.

நம்ம ஜில்லாவுக்கு நான் பயப்படறது டிடிஎஸ்ஸுக்கு தான். பச்சத் தோலு கெடாம இருக்க உப்பு தடவி வச்சிருப்பாங்க, தோல் ஷாப்புல ஊற வைக்கிறப்ப அத்தனையும் தண்ணிக்கு வந்துடும், பிஓடிய கிருமி தின்னுடும் ஆனா உப்ப எந்தக் கிருமியும் திங்காது. அத ஆர்ஓ போட்டு பிரிச்சி மிச்சத்த வத்தவச்சி எடுத்தா தான் உண்டு, இல்லன்னா கெணத்துல தான் வந்து நிக்கும். குரோமியம்னு ரிப்போர்ட்ல வந்தா மூணு இணைதிறனா ஆறா பாருங்க, பதனிடுறதுல போடறது மூணு, ஆறு தான் ரொம்ப விஷம். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்ப கண்டிப்பா படிங்க, மாசுபடுத்துனவங்க தான் செலவ ஏத்துக்கணும்ங்கிறது இந்த நாட்டுச் சட்டத்துல ஒரு பகுதின்னு நம்ம ஊர் தண்ணிய வச்சி தான் சொன்னாங்க. இன்னிக்கும் நம்ம கெணறுங்கள பாத்தா எனக்கு வயிறு எரியுது.

கேள்வி (வாலாஜா): மண்வள அட்டையில கரிமச்சத்து 0.38னு இருக்கு, கொறச்சலா?

பதில்: ஆமா. 0.5க்கு கீழன்னா கொறவு, 0.75க்கு மேல தான் நல்ல மண்ணு. தொழு உரம், பசுந்தாள் உரம், மல்லாட்ட கொடிய கொளுத்தாம மக்க வச்சி போடறது, இதெல்லாம் வருசா வருசம் பண்ணுனா தான் ஏறும்.

கேள்வி (அணைக்கட்டு): மண்ணு எப்படி எடுத்துக் குடுக்கறது?

பதில்: வரப்பு ஓரம், மர நெழலு, எருக்குழி பக்கம், உரம் போட்டு கொஞ்ச நாள் தான் ஆன எடம், இதுல எடுக்காதீங்க. மேல இருக்கிற சருக நீக்கிட்டு அரை அடி ஆழம் 'வி' மாதிரி வெட்டி, அந்தச் சரிவுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கனத்துல சீவுங்க. கயனி பூரா பல எடத்துல எடுத்து ஒண்ணா கலந்து, நாலா பிரிச்சி எதிர் எதிர் பாகத்த தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்கு கொண்டு வாங்க, நெழல்ல ஒணத்தி துணிப்பையில போடுங்க, உரச் சாக்குல போட்டுடாதீங்க. போர் தண்ணின்னா மோட்டார கால் மணி நேரம் ஓட வுட்டு, அதே தண்ணியில பாட்டில அலசிட்டு அப்புறம் புடிங்க.