பாவனையாளர் கேள்வி-பதில்: கியூ.எல்.ஈ.டி. தொலைக்காட்சியில் ஒளிர்வது எது?

கேள்வி (காத்தான்குடி வாசகர்): 55 அங்குலக் கியூ.எல்.ஈ.டி. தொலைக்காட்சிக்கும் அதே அளவுள்ள சாதாரண எல்.ஈ.டி. தொலைக்காட்சிக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. "இதற்குள் கோடிக்கணக்கான நனோப் பளிங்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தானாகவே ஒளி விடும், பின்னால் விளக்கே கிடையாது" என்று விற்பனையாளர் சொல்கிறார். இதை நம்பித் தவணை முறையில் வாங்கலாமா?

பதில்: ஐயா, பளிங்குகள் இருக்கின்றன என்பது உண்மையாக இருக்கலாம், பின்னால் விளக்குக் கிடையாது என்பது பிழை. மட்டக்களப்பு, கல்முனைக் கடைகளில் கியூ.எல்.ஈ.டி. என்ற பெயரில் நாம் காணும் தொலைக்காட்சிகள் அடிப்படையில் எல்.சி.டி. தொலைக்காட்சிகளே, அதாவது பின்னாலிருந்து வரும் ஒளியைப் புள்ளி புள்ளியாகத் தடுத்தும் விட்டும் படம் காட்டுபவை. திரைக்குப் பின்னால் நீல நிற எல்.ஈ.டி. விளக்குகள் எரிகின்றன, அவற்றின் ஒளி ஏறத்தாழ 450 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு) அலைநீளம் கொண்டது. அந்த விளக்குகளுக்கும் எல்.சி.டி. தட்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய படலம் விரிக்கப்பட்டிருக்கும். குவாண்டம் டொட் எனப்படும் குறைகடத்தி நனோப் பளிங்குகள் அந்தப் படலத்துக்குள்தான் இருக்கின்றன. நீல ஒளியின் ஒரு பகுதியை அவை உறிஞ்சிப் பச்சையாகவும் சிவப்பாகவும் வெளிவிடுகின்றன. உறிஞ்சப்படாமல் கடந்து வரும் நீலம் அவற்றோடு கலக்கும்போது வெள்ளை ஒளி கிடைக்கிறது. அந்த வெள்ளையை எல்.சி.டி. தட்டும் அதன் நிற வடிகட்டிகளும் படமாக்குகின்றன.

ஆகவே பளிங்குகள் ஒளிர்வது உண்மைதான், ஆனால் அவை மின்சாரத்தை வாங்கி ஒளிர்வதில்லை. வேறோர் ஒளியை வாங்கியே ஒளிர்கின்றன. மின்னோட்டத்தாலேயே நனோப் பளிங்குகளை ஒளிரச் செய்யும் திரைகள் ஆய்வுகூடங்களிலும் கண்காட்சிகளிலும் காட்டப்பட்டிருக்கின்றன. உங்களுக்குக் காட்டப்பட்ட பெட்டி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. பின்விளக்கே இல்லாத திரைதான் வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளியும் மின்சாரத்தால் தானே ஒளிரும் ஓ.எல்.ஈ.டி. என்ற வேறு வகையைக் கேட்க வேண்டும், அதன் விலையும் வேறு. 2022 முதல், நீல ஓ.எல்.ஈ.டி. ஒளியைக் குவாண்டம் டொட் கொண்டு பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றும் திரைகளும் சந்தையில் இருக்கின்றன.

கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி. சாதாரண வெள்ளை எல்.ஈ.டி.யில் நீல விளக்கின் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பொசுபர்ப் பூச்சு இருக்கும். அதன் ஒளி பச்சையிலிருந்து சிவப்பு வரை அகலமாகப் பரந்து கிடப்பதால், நிற வடிகட்டிகளைக் கடந்த பின்னும் பச்சைக்குள் சிறிது மஞ்சளும் சிவப்புக்குள் சிறிது செம்மஞ்சளும் கலந்தே வரும். நனோப் பளிங்குகளின் ஒளியோ ஏறத்தாழ 20 முதல் 40 நனோமீற்றர் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. இதனால் பச்சை தூய பச்சையாகவும் சிவப்பு தூய சிவப்பாகவும் தெரியும். திரையால் காட்டக்கூடிய நிறங்களின் எல்லை விரியும். ஆனால் வீட்டில் வழமையான உள்ளூர் அலைவரிசைகளும் கிரிக்கெட்டும் மட்டுமே பார்ப்பீர்கள் என்றால், அந்த ஒளிபரப்பிலேயே அவ்வளவு விரிந்த நிறங்கள் இல்லை. இல்லாத நிறத்தைத் தொலைக்காட்சி தானாக ஊதிப் பெருப்பித்துக் காட்டும்போது முகங்கள் செம்மண் பூசியது போலாகிவிடுகின்றன. எச்.டி.ஆர். எனப்படும், ஒளியும் நிறமும் விரிந்த தரத்தில் இணையவழிப் படங்கள் பார்ப்பவருக்கே இந்தப் பணம் நியாயமானது. கறுப்பு ஆழமாகத் தெரிய வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், அதைத் தீர்மானிப்பது நனோப் பளிங்கல்ல. பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி இருக்கிறதா என்பதுதான். கடையில் பெட்டியைக் கண்ணைப் பறிக்கும் காட்சி முறையில் வைத்திருப்பார்கள். அதைத் திரைப்பட முறைக்கு மாற்றச் சொல்லி, இரண்டு பெட்டிகளிலும் ஒரே காட்சியைப் போட்டுப் பார்த்த பின்பு முடிவெடுங்கள். வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் அதற்காகத் தவணை கட்ட வேண்டியதில்லை.

கேள்வி (கல்முனை வாசகர்): பச்சைக்கும் சிவப்புக்கும் வெவ்வேறு சாயம் கலக்கிறார்கள் என்று கடையில் சொன்னார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் என் மகளோ ஒரே பொருள்தான், அளவுதான் வேறு என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மகள் சொல்வதே சரி. இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்தே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெட்டியின் மேல் அச்சடித்த எல்லா எழுத்துகளையும் விட இதை விளங்கிக்கொள்வது பயன்தரும்.

குறைகடத்தியொன்றில் இலத்திரன்கள் வழமையாக வலுவளவுப் பட்டை எனப்படும் கீழ்ச் சக்தி மட்டங்களில் நிறைந்திருக்கும். அதற்கு மேலுள்ள கடத்தற்பட்டை வெறுமையாக இருக்கும். இரண்டுக்கும் இடையில் இலத்திரன் தங்க முடியாத ஒரு சக்தி இடைவெளி உண்டு. இத்தகைய பளிங்குகள் செய்யப்படும் குறைகடத்திகளில் ஒன்றான கட்மியம் செலனைட்டின் பெருந்துண்டு ஒன்றில் இந்த இடைவெளி ஏறத்தாழ 1.74 இலத்திரன்வோல்ட்டு (அணு அளவிலான சக்தியை அளக்கும் அலகு). நீல விளக்கின் போட்டன் (ஒளியின் தனிப் பொட்டலம்) ஒன்று கொண்டுவரும் சக்தி ஏறத்தாழ 2.76 இலத்திரன்வோல்ட்டு. அந்தப் போட்டனை உறிஞ்சும் இலத்திரன் இடைவெளியைத் தாண்டி மேலே போகிறது. கீழே அது விட்டுச்சென்ற வெற்றிடம், துளை எனப்படும் நேரேற்றம் போல நடந்துகொள்கிறது. மிகையாகக் கிடைத்த சக்தியைப் பளிங்கின் அதிர்வுகளுக்கு, அதாவது வெப்பமாக, சில பிக்கோசெக்கன்களுக்குள் கொடுத்துவிட்டு இரண்டும் இடைவெளியின் விளிம்புகளுக்கு வந்து சேர்கின்றன. பத்து, இருபது நனோசெக்கன் அளவு கழிந்ததும் இலத்திரன் துளையோடு மீளச் சேர, இடைவெளிக்குச் சமமான சக்தியுள்ள ஒரு போட்டன் வெளியேறுகிறது. 530 நனோமீற்றர்ப் பச்சை என்றால் அது 2.34, 630 நனோமீற்றர்ச் சிவப்பு என்றால் 1.97 இலத்திரன்வோல்ட்டு. இரண்டும் உள்ளே போன நீலத்தை விடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். நீலத்திலிருந்து பச்சையும் சிவப்பும் பெறலாம். இந்தப் படலத்தில் அதன் மறுதலை நடவாது. பின்விளக்கு நீலமாக இருப்பதன் காரணம் அதுவே.

அடுத்தது அளவு. கட்மியம் செலனைட்டுக்குள் இலத்திரனும் துளையும் இணைந்து இயல்பாகப் பரவி நிற்க ஏறத்தாழ 5 நனோமீற்றர் ஆரை வேண்டும். பளிங்கின் ஆரை அதை விடச் சிறியதாகும்போது இரண்டும் ஒடுக்கமான இடத்துக்குள் அடைபடுகின்றன. அடைபட்ட இலத்திரனின் ஆகக் குறைந்த சக்தி மேலே ஏறுகிறது, இடைவெளியும் பெருக்கிறது. வயலின் தந்தியின் அதிரும் நீளத்தை விரலால் குறுக்கினால் சுருதி ஏறுவது போன்றதே இது. இலத்திரனும் அலையாக நடந்துகொள்வதால் இந்த ஒப்புமை வெறும் அலங்காரமல்ல. விட்டம் 3 நனோமீற்றர் அளவில் இருந்தால் பச்சை, 5 அல்லது 6 நனோமீற்றராக வளர்ந்தால் சிவப்பு. பொருள் ஒன்றே, சாயம் எதுவும் கிடையாது. ஒரு தொகுதியிலுள்ள பளிங்குகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தால்தான் நிறம் தூயதாக வரும். அளவுகள் கலந்துவிட்டால் நிறமும் பரந்துவிடும். தரமான தயாரிப்புக்கும் மலிவான தயாரிப்புக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது.

நிறம் அளவில் தங்கியிருக்கும் என்பதை 1980களின் தொடக்கத்தில் நிறக் கண்ணாடிக்குள் உருவான செப்புக் குளோரைட்டுப் பளிங்குகளில் அலெக்சி எக்கிமோவும், கரைசலில் மிதக்கும் கட்மியம் சல்பைட்டுத் துணிக்கைகளில் லூயி புரூசும் என இரு விஞ்ஞானிகள் தனித்தனியே கண்டார்கள். அளவை விரும்பியபடி நிறுத்தும் வழி 1993 இல் மூங்கி பாவெண்டியின் குழுவிடமிருந்து வந்தது. ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிய சேதனக் கரைப்பானுக்குள் மூலப்பொருள்களை ஒரேயடியாகச் செலுத்தினால் கருக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தோன்றிப் பின்னர் ஒன்றாக வளரும். வேண்டிய அளவு வந்ததும் வளர்ச்சியை நிறுத்தலாம். ஒலெயிக்கமிலம் போன்ற நீண்ட மூலக்கூறுகள் பளிங்கின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, துணிக்கைகள் ஒன்றோடொன்று திரண்டுவிடாமல் திரவத்துக்குள் கூழாக மிதக்க வைக்கின்றன. 2023 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு இந்த மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இன்னொரு செய்தியையும் மகளிடம் சொல்லுங்கள். இவ்வளவு சிறிய பளிங்கில் அணுக்களின் பெரும் பங்கு மேற்பரப்பிலேயே இருக்கும். அங்கே பிணைப்பு நிறைவுபெறாத அணு ஒன்றில் இலத்திரன் சிக்கிக்கொண்டால் சக்தி ஒளியாகாமல் வெப்பமாகிவிடும். ஆரம்பகாலப் பளிங்குகளில் உறிஞ்சிய போட்டன்களில் பத்தில் ஒன்று ஒளியாகத் திரும்பினாலே பெரிது. 1996 இல் கட்மியம் செலனைட்டைச் சுற்றி இடைவெளி அகன்ற நாக சல்பைட்டு உறை போர்த்தப்பட்டபோது அந்தப் பங்கு பாதியளவுக்கு உயர்ந்தது. இன்று நல்ல பளிங்குகளில் அது 90 வீதத்துக்கும் மேல். உறை இல்லாவிட்டால் இந்தத் தொலைக்காட்சிகளும் இல்லை.

கேள்வி (ஆரையம்பதி வாசகி): இந்தத் திரைகளில் கட்மியம் இருக்கிறது என்றும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்றும் உறவினர் ஒருவர் பயப்படுத்துகிறார். உண்மையா?

பதில்: அம்மா, கட்மியம் நச்சு உலோகம் என்பது உண்மை. ஆனால் அது திரைக்குள், இரு தடுப்புப் படலங்களுக்கு நடுவே, பிளாத்திக்குக்குள் பதிந்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையிடம் அது வந்து சேர வழியில்லை. அதோடு, இப்போது பல தயாரிப்புகள் கட்மியத்தைக் கைவிட்டு இந்தியம் பொஸ்பைட்டைப் பயன்படுத்துகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் மின் சாதனங்களில் கட்மியத்துக்கு நிறைப்படி 0.01 வீதம் என்ற எல்லையை வைத்திருப்பது இந்த மாற்றத்துக்கு ஒரு முக்கிய காரணம். கட்மியம் அற்றது என்று விவரத்தாளில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் உங்கள் மனமும் ஆறும். நான் உண்மையாகக் கவலைப்படுவது பெட்டி பழுதான பின்பு நடப்பதைப் பற்றித்தான். வளவுக்குள் குப்பையோடு போட்டு எரிப்பதும், உடைத்துக் களப்போரத்தில் வீசுவதும் எந்தத் தொலைக்காட்சிக்கும் கூடாது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளர்களிடம் அதை ஒப்படையுங்கள்.

கேள்வி (திருக்கோவில் வாசகர்): எங்கள் வீடு கடற்கரைக்கு அருகில். உப்புக் காற்றிலும் கச்சான் காலத்து வெக்கையிலும் இந்தப் பளிங்குகள் கெட்டுப்போகாதா?

பதில்: ஒட்சிசன், ஈரம், வெப்பம் ஆகிய மூன்றும் நனோப் பளிங்கின் பகைவர்கள். முதல் இரண்டும் மேற்பரப்பை ஒட்சியேற்றிக் குறைபாடுகளை உண்டாக்கும். வெப்பநிலை ஏற ஏற ஒளிர்வும் குறையும். அதற்காகவே படலம் இருபுறமும் தடுப்புப் படையால் மூடப்பட்டு, சூடாகும் எல்.ஈ.டி.களிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறது. ஈரம் புகுமானால் படலத்தின் ஓரங்களால்தான் புகும். ஓரத்துப் பளிங்குகள் செயலிழந்தால் நீலத்தை மாற்ற ஆளில்லாமல் போய், வெள்ளைத் திரையின் விளிம்பு நீலம் பாய்ந்து தெரியும். கடையில் காட்சிக்கு வைத்த பெட்டியைக் கழிவு விலையில் வாங்குபவர்கள் திரை முழுவதையும் வெள்ளையாக்கி நான்கு ஓரங்களையும் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும். நேர்வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். பின்புறம் காற்றோட இடம் விடுங்கள். உப்புக் காற்று படலத்தை விட மின்சுற்றுப் பலகைகளையே முதலில் அரிக்கும், எனவே உத்தரவாதப் பத்திரத்தில் துருப்பிடித்தலும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று வாசியுங்கள்.

கேள்வி (களுவாஞ்சிகுடி வாசகர்): சென்ற மாதம் கியூ.எல்.ஈ.டி. என்று சொல்லி ஒரு பெட்டியைத் தந்தார்கள். திருத்துநர் ஒருவர் இது சாதாரண எல்.ஈ.டி. என்கிறார். வீட்டிலேயே அறிய முடியுமா? யாரிடம் முறையிடுவது?

பதில்: ஓரளவுக்கு அறியலாம். கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றுள்ள படத்தைத் திரையில் காட்டி, அறையை இருட்டாக்கி, பழைய சீ.டி. ஒன்றின் பளபளக்கும் பக்கத்தில் அந்தக் கோட்டின் ஒளி நிறமாலையாக விரியும்படி சாய்த்துப் பிடியுங்கள். நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் தனித்தனிப் பட்டைகளாக, இடையில் இருள் தெரிய நின்றால் நனோப் பளிங்குகள் இருப்பதற்கு அது நல்ல அறிகுறி. பச்சையிலிருந்து சிவப்பு வரை மஞ்சளூடாகத் தொடர்ச்சியாக ஓடினால் அது மஞ்சள் பொசுபரின் ஒளி. சிவப்பு மட்டும் ஊசி போன்ற மெல்லிய கோடுகளாகத் தெரிந்தால் மங்கனீசு சேர்ந்த ஒரு புளோரைட்டுப் பொசுபர் பயன்பட்டிருக்கிறது. அதுவும் நல்ல நிறமே தரும், ஆனால் குவாண்டம் டொட் என்று சொல்லி அதை விற்கக் கூடாது.

இந்தச் சோதனை உங்கள் ஐயத்தை உறுதிப்படுத்த மட்டுமே. முறைப்பாட்டுக்குத் தேவை ஆவணம். பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கமும் கியூ.எல்.ஈ.டி. என்ற சொல்லும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அட்டைப்பெட்டி, விளம்பரத் துண்டு, தயாரிப்பாளரின் விவரத்தாள் ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் அறிவித்து மாற்றித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் செல்லலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு தடைசெய்கிறது. பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் அதிகார சபையிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்பதால் கடைக்காரரின் "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலுக்காகக் காத்திருந்து அந்தக் காலத்தைக் கடத்திவிடாதீர்கள்.