கணினி கேள்வி–பதில்: எந்த விளையாட்டு என்பதே முதல் கேள்வி

கல்லூரிச் சேர்க்கைக் காலம் என்பதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லேப்டாப் வாங்குவதைப் பற்றியவை. அவற்றுள் ஆன்லைன் விளையாட்டு தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கணினி அறிவியல் படிப்பில் சேரப்போகும் என் மகனுக்கு 80,000 ரூபாய்க்குள் லேப்டாப் வாங்க எண்ணியுள்ளேன். படிப்புக்கும் வேண்டும், நண்பர்களுடன் ஆன்லைனில் விளையாடவும் வேண்டும் என்கிறான். மதுரை டவுன் ஹால் ரோட்டில் விசாரித்தபோது, "விண்டோஸ் இல்லாத டாஸ் லேப்டாப்பாக எடுங்கள், விலை குறையும்; விண்டோஸை நாங்களே போட்டுத் தருகிறோம்" என்றார்கள். என் தங்கை மகனோ, லினக்ஸ் இலவசம், அதுவே போதும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், திருமங்கலம்

இருவர் சொல்வதையும் ஒதுக்கி வைத்துவிட்டு, தங்கள் மகன் விளையாடும் ஆட்டங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இயங்குதளம் எது என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்யும்.

அதில் வாலரண்ட் இருந்தால் விண்டோஸைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஆட்டத்துடன் வரும் வேன்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் கெர்னல் எனும் உள்மைய மட்டத்தில் இயங்குவது; லினக்ஸில் அது ஓடாது. விண்டோஸ் 11 ஆக இருந்தாலும், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயக்கத்தில் இருந்தால்தான் ஆட்டத்துக்குள் விடும். ஃபோர்ட்நைட்டும் லினக்ஸை ஏற்பதில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் சில ஆண்டுகள் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் இறுதியில் அதன் நிறுவனத்தார் கதவை அடைத்துவிட்டார்கள். ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற தடுப்பு மென்பொருளைச் சேர்த்த பிறகு லினக்ஸ்காரர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. தனியாக ஆடும் கதைப் பகுதி மட்டும் அவர்களுக்கு மிஞ்சியது.

இதைக் கொண்டு லினக்ஸில் விளையாட்டே ஓடாது என்று முடிவு கட்டுவதும் தவறு. கவுன்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 ஆகியவை லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்பாக வருகின்றன. விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஆட்டங்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருள் இன்று வெகுவாக முன்னேறியிருக்கிறது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி முழுக்க அதை நம்பியே இருக்கிறது. தனியாக ஆடும் ஆட்டங்களே போதும் என்பவருக்கு லினக்ஸைத் தயக்கமின்றிச் சொல்வேன். பலர் சேர்ந்து போட்டியிடும் ஆன்லைன் ஆட்டங்களில்தான் சிக்கல் வருகிறது, அதற்கும் காரணம் லினக்ஸின் திறன் குறைவு அன்று. பயனர் தன் விருப்பம்போல் மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய ஓர் இயங்குதளத்தில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பது கடினம் என்று ஆட்ட நிறுவனங்கள் கருதுவதே. இன்று ஓடும் ஆட்டம் அடுத்த ஆண்டும் ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாத இடத்தில் 80,000 ரூபாயைப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, கடைக்காரர் சொன்னது. "போட்டுத் தருகிறோம்" என்பதற்கு, பில்லில் உரிமத்தின் பெயரும் விலையும் இல்லாதவரை, திருட்டு விண்டோஸ் என்றே பொருள் கொள்ளுங்கள். உரிமம் இருப்பதாக விண்டோஸை ஏமாற்றப் பயன்படும் ஆக்டிவேட்டர்கள் முதல் வேலையாக விண்டோஸின் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்பவை. கடவுச்சொல் திருடும் நிரல்கள் நுழைவதற்கு அதைவிட வசதியான வாசல் கிடையாது. இரண்டு ஆண்டுகள் ஆடிச் சேர்த்த கணக்கு ஒரே இரவில் பறிபோனால் பையனுக்கு அது சின்ன இழப்பாக இராது. கம்பெனியிலிருந்தே விண்டோஸ் 11 உடன் வரும் லேப்டாப்பில் உரிமச் சாவி கணினியின் உள்ளேயே பதிந்திருக்கும். பின்னால் அழித்துவிட்டு அதே பதிப்பை நிறுவினாலும் தானே செயல்படத் தொடங்கும். அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் 10 உள்ள பழைய சரக்கைத் தள்ளுபடியில் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 உடன் முடித்துக்கொண்டது.

படிப்புக்கு லினக்ஸ் வேண்டும் என்று கல்லூரியில் சொன்னால், விண்டோஸ் 11க்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்ற வசதியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவிக்கொள்ளலாம். முதலிரண்டு ஆண்டுப் பாடங்களுக்கு அது தாராளம். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களையும் தனித்தனியே வைப்பவர்கள், என்விடியா கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் தகராறு செய்கிறதே என்று செக்யூர் பூட்டை அணைத்துவிடுவதுண்டு. பிறகு விண்டோஸ் பக்கம் வந்து வாலரண்ட் ஏன் திறக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

இனி லேப்டாப்புக்கு வருவோம். செலவழிக்கும் பணத்தில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். தங்கள் தொகையை ஒட்டி என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050, 4050 வகைகளைக் காட்டுவார்கள். கிடைத்தால் 4050ஐ எடுங்கள், அதில் 6 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் இருக்கிறது, 3050 பலவற்றில் 4 ஜிபிதான். ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. லேப்டாப்புக்கான 4050 கார்டை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் தயாரிப்பாளர் அமைத்துக்கொள்ளலாம் என்று என்விடியா அனுமதித்திருக்கிறது. மெல்லிய உடலுக்குள் குறைந்த வாட்டில் அடைக்கப்பட்ட 4050, தாராளமான வாட் பெறும் இன்னொரு 4050க்கு வெகுவாகப் பின்தங்கும். ஸ்டிக்கரோ இரண்டிலும் ஒன்றுதான். டிஜிபி, அதாவது கிராபிக்ஸ் கார்டுக்குக் கிடைக்கும் மின்திறன், எத்தனை வாட் என்று கடையில் கேளுங்கள். கேட்டு விழித்தால், தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் அந்த மாடல் எண்ணை இட்டுத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ரேம் 16 ஜிபி இருக்கட்டும், அதுவும் ஒரே 16 ஆக இல்லாமல் இரண்டு 8 ஆக இருந்தால் வேகம் கூடும். எஸ்எஸ்டி 512 ஜிபிக்குக் குறையக் கூடாது. சில ஆட்டங்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டுகின்றன, ஆகவே இன்னொரு எஸ்எஸ்டி பொருத்த இடம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். திரை 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிப்பது, போதும். பிராசஸரைப் பற்றி இந்த விலையில் கவலைப்பட ஒன்றுமில்லை.

மதுரைக்காரர்கள் கேட்க மறப்பது ஒன்று உண்டு: வெப்பம். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை என்றுதான் பெரும்பாலான லேப்டாப்களின் குறிப்பேட்டில் போட்டிருக்கும். அக்கினி நட்சத்திரத்தில் நம் ஊர் மாடியறை பிற்பகல் 3 மணிக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அளவுக்கு மீறிச் சூடேறினால் லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் 20 நிமிடம் நன்றாக ஓடிய ஆட்டம் பிறகு திக்கித் திணறுவதற்கு இதுவே வழக்கமான காரணம். எனவே பின்புறமும் பக்கவாட்டிலும் காற்றுத் துளைகள் தாராளமாக உள்ள, சற்றுத் தடித்த மாடலே நமக்கு ஏற்றது. மெத்தைமேல் வைத்து ஆடக் கூடாது. ஆட்டத்தின் அமைப்பில் நொடிக்கு வரும் ஃபிரேம் (படம்) எண்ணிக்கைக்கு 90 அல்லது 120 என்று உச்சவரம்பு வைத்தாலே சூடு கணிசமாகத் தணியும். இந்த வகை லேப்டாப்புகள் 2 கிலோவுக்கு மேல் எடை கொண்டவை, சார்ஜர் வேறு. தினமும் பேருந்தில் கல்லூரிக்குத் தூக்கிச் செல்வது உங்கள் மகன்தான் என்பதால், கடையில் அவரையே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறேன். இருந்தும் ஆட்டத்தில் பிங் 40இல் இருந்து திடீரென 200க்குத் தாவுகிறது. இன்னும் நல்ல லேப்டாப் வாங்கினால் சரியாகுமா?
— வாசகர், உசிலம்பட்டி

ஆகாது. லேப்டாப் வேகமாக இருந்தால் படம் தடையின்றி ஓடும். பிங் என்பது தங்கள் கணினியிலிருந்து சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம், அதில் லேப்டாப்புக்குப் பங்கு மிகக் குறைவு. 100 எம்பிபிஎஸ்ஸை 300 ஆக உயர்த்தினாலும் பயன் இராது, ஏனெனில் ஆன்லைன் ஆட்டம் செலவழிக்கும் டேட்டா சொற்பம்.

கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. தங்கள் பகுதியிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர் என்பதால், போய்வர 12 மில்லி நொடியாவது ஆகும். சிங்கப்பூர் என்றால் ஏறத்தாழ 30. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் பல ரௌட்டர்கள் வேறு இருக்கின்றன, ஆகவே மும்பை சர்வருக்கு 40 என்பது நல்ல அளவுதான். ஆட்டத்தின் அமைப்பில் சர்வர் மும்பை என்று இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தங்கள் சிக்கல் 40 அன்று, 200க்குத் தாவுவது. அது வீட்டுக்குள் நிகழ்கிறதா, வெளியிலா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் கட்டளையுடன் ரௌட்டரின் முகவரியை (பல வீடுகளில் 192.168.1.1) கொடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். 1, 2 மில்லி நொடி என்று நிலையாக வர வேண்டிய அது 50, 100 என்று ஆடினால் குற்றவாளி வைஃபை. ரௌட்டர் கூடத்தில், தாங்கள் இரண்டு சுவர் தாண்டி அறையில் என்றால் இது எதிர்பார்க்கக்கூடியதே. ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுவதுதான் மலிவான, நிரந்தரமான தீர்வு. முடியாவிட்டால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரௌட்டரை அருகில் கொண்டுவாருங்கள்.

ரௌட்டர் வரை சீராக இருந்து, அதற்கு அப்பால் தாவினால், முதலில் வீட்டில் யாருடைய கைபேசியாவது அந்த நேரத்தில் படங்களையும் வீடியோக்களையும் மேலேற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கண்காணிப்பு கேமராவும் இதைச் செய்யும். அப்லோடு பாதை நிறைந்துவிட்டால் ஆட்டத்தின் சிறு தகவலும் வரிசையில் காத்திருக்க நேரும். அதுவும் இல்லை, தினமும் இரவு 8 முதல் 11 வரைதான் தொல்லை என்றால், இணைப்புத் தரும் நிறுவனத்தின் பக்கம் நெரிசல். எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள்.

அரசு வழங்கிய லேப்டாப் என்னிடம் இருக்கிறது: 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, கூடவே பாஸ் லினக்ஸ். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. இதில் வாலரண்ட் ஆட முடியுமா? இடம் போதாததால் பாஸ் லினக்ஸை அழித்துவிடலாமா?
— கல்லூரி மாணவி, கே.கே. நகர், மதுரை

ஆட முடியும், தங்கச்சி. வாலரண்ட் எளிய கணினிகளை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட ஆட்டம். குறைந்தபட்சத் தேவையாக 4 ஜிபி ரேமையும், பல ஆண்டுகளுக்கு முந்தைய இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸையுமே கேட்டது. திரைத் தெளிவை 1280×720க்கு இறக்கி, எல்லா அமைப்புகளையும் குறைந்த நிலையில் வைத்து, பிரவுசரை மூடிவிட்டு ஆடிப் பாருங்கள். தனி கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸும் ரேமையே பகிர்ந்துகொள்வதால், காலியாக ஒரு ரேம் இடம் இருந்து அதில் இன்னொரு 8 ஜிபி சேர்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். திறப்பதால் வாரண்டி போகுமா என்று முன்கூட்டியே சேவை மையத்தில் கேளுங்கள்.

பாஸ் லினக்ஸை அழிக்க வேண்டாம். அது சென்னையில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது என்ற மரியாதைக்காகச் சொல்லவில்லை. கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல் லினக்ஸ் பக்கம் இருந்தால், அந்தப் பகுதியை அழித்த மறுகணம் விண்டோஸும் திறக்காமல் போகக்கூடும். தேர்வு நேரத்தில் அந்தச் சோதனை எதற்கு?

மேக்புக் ஏர் வைத்திருக்கிறேன். வாலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 ஆட வழியுண்டா?
— வாசகர், திருநகர்

இரண்டுமே மேக்கில் இல்லை. பழைய கவுன்டர் ஸ்டிரைக் மேக்கில் ஓடியது, 2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த ஆதரவை விலக்கிவிட்டார்கள். டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், மைன்கிராஃப்ட், ராப்லாக்ஸ் ஆகியவை ஓடும். ஆப்பிள் சிலிக்கான் என்ற ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக்புக் ஏரில் விசிறி கிடையாது என்பதால் நீண்ட நேரம் ஆடினால் வேகம் குறைவதை உணர்வீர்கள்.

பிஜிஎம்ஐ ஆடுவதற்காக லேப்டாப் வாங்கலாமா?
— வாசகர், வாடிப்பட்டி

வேண்டாம். அது கைபேசிக்கான ஆட்டம். கைபேசியைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் வழியாக லேப்டாப்பில் ஆடினால் கணக்கு முடக்கப்படலாம். கணினிக்கான பப்ஜி தனி ஆட்டம், ஸ்டீம் என்ற வால்வின் இணையக் கடையில் 2022 ஜனவரி முதல் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அதில் உங்கள் பிஜிஎம்ஐ கணக்கோ நண்பர்களோ இருக்கமாட்டார்கள்.

மின்தடை வந்தால் ஆட்டம் நடுவில் போய்விடுகிறது. கேமிங் லேப்டாப்புக்குத் தனி இன்வெர்ட்டர் வேண்டுமா? மின்கட்டணம் எவ்வளவு கூடும்?
— வாசகர், மேலூர்

ஆடும்போது 180 வாட் இழுக்கிறது என்று வைத்தாலும், தினமும் 3 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் சுமார் 32 யூனிட்தான் வரும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால், அது சீரான மின்னலை தரும் சைன் வேவ் வகைதானா என்று மட்டும் பாருங்கள். தனியாக ஒன்று தேவையில்லை. மின்சாரம் போனதும் லேப்டாப் பேட்டரிக்கு மாறிவிடும், கிராபிக்ஸ் கார்டின் வேகம் இறங்கும், ஆயினும் கையிலிருக்கும் ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம். உண்மையில் ஆட்டம் அறுந்துபோவது ரௌட்டர் அணைவதால்தான். அதன் அடாப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று படித்துப் பார்த்து, அதற்குப் பொருந்தும் ரௌட்டர் மினி யுபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். ஃபைபர் பெட்டி ரௌட்டரிலிருந்து தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து மின்சாரம் தரும் வகையாக இருக்கட்டும்.