மழை பெய்தால் மட்டும் தோட்ட விளக்கு லைனில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுகிறது. எர்த் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கோ ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி, பேஸிலிருந்தோ நியூட்ரலிலிருந்தோ எர்த்துக்குக் கரண்ட் கசிகிறது. எர்த் குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவது இதற்கு மருந்தே அல்ல.

ஈரம் காய்வதற்குள் சோதியுங்கள். காய்ந்தபின் எல்லாம் நன்றாகத்தான் காட்டும். மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதை மீட்டரில் உறுதிசெய்து, அந்த லைனின் பேஸ், நியூட்ரல் இரண்டையும் போர்டில் கழற்றுங்கள். நியூட்ரலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும், நியூட்ரல் எர்த்தைத் தொட்டால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி விழக்கூடும்.

எல்இடி டிரைவர்களை (விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சர்க்யூட்களை) பிரித்துவிட்டு (இல்லையேல் அவை போய்விடும்), 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டரால்) ஒவ்வொரு வயருக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கவும். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் கோளாறு உறுதி. நடுவிலுள்ள பெட்டியில் லைனைப் பிரித்து, குறைவாகக் காட்டும் பாதியை மறுபடி பாதியாக்கிக்கொண்டே போங்கள்.

பெரும்பாலும் இன்சுலேஷன் டேப் சுற்றி மண்ணில் புதைத்த ஜாயின்ட்தான் சிக்கும். செம்பில் பச்சை பூத்திருந்தால், பளபளப்பான கம்பி தெரியும்வரை வெட்டி, ஜெல் நிரப்பிய, தண்ணீர் புகாத ஐபி68 பெட்டியில் இணையுங்கள். விளக்குப் பெட்டிக்குள் கேபிள் கீழ்ப்பக்கமாக, கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் மூடி) வழியே நுழையட்டும். சப்ளை கொடுக்கும் முன், விளக்கின் உலோக உடலிலிருந்து போர்டின் எர்த் பார்வரை தொடர்ச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள்.