மன அழுத்தம் தீர்க்கும் நாய் என்று ஓர் இனம் கிடையாது

கேள்வி: சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன். வயது 38. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் ஓராண்டாக மாத்திரை சாப்பிடுகிறேன். நாய் வளர்த்தால் மனம் லேசாகும் என்று பலரும் சொன்னதால், 45 நாள் லாப்ரடார் குட்டி ஒன்றுக்குத் தரகரிடம் 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். 'மனநல ஆதரவு நாய்' என்று சான்றிதழ் தருவதாகவும், அதைக் காட்டினால் குடியிருப்போர் சங்கம் வாய் திறக்க முடியாது என்றும் அவர் சொல்கிறார். வாங்கலாமா?

கால்நடை மருத்துவரின் பதில்: நாய் வளர்க்கலாம். இந்தக் குட்டியை வாங்க வேண்டாம். சான்றிதழுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

நாயால் மனம் அமைதியடையும் என்பது வெறும் பேச்சன்று. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாயையும் பூனையையும் பத்து நிமிடம் தடவிக் கொடுத்தவர்களின் உமிழ்நீரில், நெருக்கடியின்போது உடலில் சுரக்கும் கார்ட்டிசால் குறைந்திருந்தது. எட்ட நின்று பார்த்தவர்களுக்கும் படங்களைப் பார்த்தவர்களுக்கும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பலன் தொடுகையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது 2001இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு. இரத்த அழுத்தம் உள்ள, தனியாக வாழும் 48 பங்குத் தரகர்கள் அனைவருக்கும் மாத்திரை கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் கூடவே ஒரு நாயோ பூனையோ கொடுத்தார்கள். ஓய்வாக இருக்கும்போது இரு பிரிவினருக்கும் இரத்த அழுத்தம் ஒரேபோல இறங்கியது. ஆனால் மனத்தை நெருக்கும் வேலையைக் கொடுத்தபோது, பிராணி வைத்திருந்தவர்களுக்கு அது அவ்வளவாக ஏறவில்லை. அவர்களும் மாத்திரையை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். நாய் வந்த மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டு, பத்தாம் நாள் தூக்கமில்லாத கண்களோடு என் மருத்துவமனைக்கு வருபவர்களை நான் பார்க்கிறேன். மாத்திரையைப் பற்றி உங்கள் மனநல மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். அவர் கிடைக்காத நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது.

இனி, தரகர் விஷயத்துக்கு வருகிறேன். நாய் வளர்ப்பு மற்றும் விற்பனைக்கான 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 45 நாள் என்றால் ஏறக்குறைய ஆறரை வாரம்; சட்டத்தை மீறுவதை அவரே தம் வாயால் சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மையான வயதாக இருக்கும் என்று நம்ப முடியவில்லை. முப்பது நாள் குட்டியை நாற்பத்தைந்து என்று விற்பது இந்தத் தொழிலில் அன்றாட வழக்கம். தாயிடமிருந்தும் உடன்பிறந்த குட்டிகளிடமிருந்தும் இவ்வளவு சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டிக்கு, விளையாடும்போது எவ்வளவு மெதுவாகக் கடிக்க வேண்டும் என்பது தெரியாது. தனியே விட்டால் ஓயாமல் கத்தும். நீங்கள் தேடிப் போனதோ நிம்மதி.

அதைவிடப் பெரிய ஆபத்து பார்வோ. இந்த நச்சுயிரி உடலில் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் கழித்தே வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கும் என்பதால், கைமாறும்போது துள்ளி விளையாடிய குட்டி ஒரே வாரத்தில் குளுக்கோஸ் ஏற்றும் நிலைக்கு வந்துவிடும். அப்போது தரகரின் கைபேசி அணைந்திருக்கும். 'ஊசி போட்டாயிற்று' என்று அவர் நீட்டும் அட்டையில் மருந்துக் குப்பியின் லேபிள் ஒட்டியிருக்கிறதா, கால்நடை மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் தேதிகள் மட்டும் எழுதப்பட்ட அட்டை அச்சகத்தில் கிடைக்கும் காகிதம். கே.சி.ஐ. (இந்தியக் கென்னல் கிளப்) பேப்பர் இருக்கிறது என்பார். அது வம்சாவளியைச் சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது. விதி வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், பதிவு எண் இல்லாத ஒருவர் பட்டப்பகலில் விளம்பரம் செய்து குட்டி விற்க முடிகிறதென்றால், யார் எதைச் சரிபார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நோயாளிக் குட்டியோடு அழுதுகொண்டு நிற்பவரிடம் விதி எண்ணைச் சொல்லி என்ன பயன்?

எட்டு வார விதி குறித்து ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அது விற்பனைக்கான விதி. தெருவில் தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போய், நான்கு வாரக் குட்டி ஒன்று குப்பைத் தொட்டியோரம் நடுங்கிக்கொண்டிருந்தால், எட்டு வாரம் ஆகட்டும் என்று விட்டுவிட்டு வரக் கூடாது. எடுத்து வந்து, சூடு கொடுத்து, பசும்பாலுக்குப் பதிலாகக் குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்து ஊட்டி, மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் பணம் கைமாறவில்லை, விதிமீறலும் இல்லை. இதை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு: வயதைக் கேட்டு நெருக்கினால், 'தாய் செத்துவிட்டது, அதனால்தான் சீக்கிரம் கொடுக்கிறேன்' என்று தரகர்கள் இந்த விலக்கையே கேடயமாகப் பிடிக்கிறார்கள். தாய் உண்மையிலேயே செத்திருந்தாலும், விலை பேசிவிட்டால் அது விற்பனைதான். எட்டு வாரம் ஆகும் வரை வளர்க்க வேண்டியது விற்பவரின் கடமை.

'மனநல ஆதரவு நாய்' என்பது அமெரிக்க வீட்டுவசதிச் சட்டத்தை ஒட்டி வந்த வழக்கம். அங்கேயே 2021 முதல் விமான நிறுவனங்கள் அதை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. நம் நாட்டில் அப்படிப் பதிவு செய்யும் அரசு அலுவலகமே கிடையாது. உங்கள் சங்கத்துக்குப் பதில் சொல்ல அந்தச் சான்றிதழ் தேவையும் இல்லை: செல்லப் பிராணிகளுக்குத் தடை விதிக்கக் குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்றும், மின்தூக்கியைப் பயன்படுத்த விடாமல் தடுக்கக் கூடாது என்றும் இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதன் நகலையும், வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றையும், மாநகராட்சி உரிமத்தையும் சேர்த்துச் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். கழிவை நீங்களே அள்ளுங்கள். பாதிப் புகார் அதில் அடங்கும்.

உங்களுக்கு நான் சொல்வது குட்டியே வேண்டாம் என்பது. நாள் முழுதும் அலுவலகத்தில் இருப்பவர், இரவில் இரண்டு முறை எழுப்பும் குட்டியை வைத்துக்கொண்டு தூக்கமின்மையிலிருந்து மீள முடியாது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அருமையான நாய்கள்தாம். ஆனால் ஓட இடம் வேண்டும், அடுக்ககத்துக்கு ஆகாது. இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்த, சாதுவான நாட்டு நாய் ஒன்றைக் காப்பகத்திலிருந்து தத்தெடுங்கள். சென்னையில் இயங்கும் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் விசாரிக்கலாம். எடுப்பதற்கு முன் நான்கைந்து வார இறுதிகளில் அங்கே போய் நாய்களோடு உட்கார்ந்து பழகுங்கள். உங்கள் மடியில் எந்த நாய் தலை வைக்கிறது என்பது அப்போது தெரியும். ஒன்றுமே பிடிக்காவிட்டாலும் அந்தப் பத்து நிமிடத் தொடுகை செலவில்லாமல் கிடைத்திருக்கும்.

முன்பணத்தை இன்றே எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். 45 நாள் என்று அவர் அனுப்பிய செய்தியையும், பணம் செலுத்திய விவரத்தையும் கைபேசியிலிருந்து அழித்துவிட வேண்டாம். அவர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யலாம்.